அணையின் அடியில் இருப்பது

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்போர்க்கு மலைக்கோட்டைப் பாறை அருகிலேயே தோன்றும். கல்லணைக்கும் முக்கொம்புக்கும் பேருந்து ஏறுவது அங்கேதான். இத்துணைப் பெரும்பாறை பக்கத்தில் இருக்க, அவ்விரண்டு அணைகளும் ஆற்று மணலின்மீதே கட்டப்பட்டவை. ஆழங்காணா மணலில் அடிப்படை இடும் வித்தையை இந்நாட்டாரிடமே கற்றோம் என்று சர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். 1836-இல் அவர் முக்கொம்பில் தொடங்கிய மேலணை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வெள்ளங்களைத் தாங்கியது. 2018 ஆகஸ்டு 22 இரவு அதன் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன.

மணலுக்குப் பதிலாகப் பாறை கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததோ? தீராது. மலைக்கோட்டைப் பாறை ஒரே கட்டியாக அமைந்தது. வேறு பல இடங்களிலோ பாறை ஓலைச்சுவடி போன்று அடுக்கடுக்காக இருக்கும். மணற்கல் ஓர் அடுக்கு, களிமண் இறுகியது ஓர் அடுக்கு. சுவடியை மேலிருந்து அழுத்துங்கள், அசையாது. பக்கவாட்டில் தள்ளுங்கள், ஏடுகள் வழுக்கும். அணையைத் தேங்கிய நீர் தள்ளுவதும் பக்கவாட்டில்தானே!

இன்னும் ஒன்று. 100 மீட்டர் ஆழத்து நீர், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 100 டன் கனத்தோடு அழுத்துகிறது. அவ்வழுத்தத்துடன் நீர் பாறையின் இடுக்குகளில் நுழைந்து, அணையை அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கும். தூக்கவே, அணை கனம் குறைந்தாற்போல் ஆகும், பிடிப்புத் தளரும். களிமண் அடுக்கும் நனைந்து இளகும். அடுக்குகள் ஆறு ஓடும் திசையில் சற்றே சாய்ந்திருந்தால் ஆபத்து பின்னும் மிகுதி.

சட்லெஜ் நதியில், 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணை இத்தகைய இடத்தில் எழுந்ததே. ஏறத்தாழ 226 மீட்டர் உயரம். அடியிலோ மணற்கல்லின் ஊடே களிக்கல் பட்டைகள்! பொறியாளர்கள் அப்பட்டைகளைத் தோண்டி எடுத்து, பள்ளத்தைக் கான்கிரீட்டால் அடைத்தனர். பல்வைத்தியர் சொத்தையைக் குடைந்து அடைப்பது போன்ற வேலை அது.

இவ்வகை அணைகளில் பாறையைத் துளைத்துச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்துவர். அப்படியும் கசிவு முற்றும் நில்லாது. ஆதலின், புகுந்த நீர் வெளியேற வடிகால் துளைகளும் வைப்பர். அத்துளையில் நீர் வரக் கண்டு ‘அணை ஒழுகுகிறது’ என்று அலறுவோர் உண்டு. அது வீண் அச்சம். வடிகால் அடைபட்டுப் போனால்தான் அஞ்ச வேண்டும். கவனிக்கத்தக்கது நீரின் அளவும் நிறமும். தெளிந்த நீர் அளவு மாறாமல் வருமாயின் நன்று. கலங்கி வருமாயின், அடியில் ஏதோ அரிக்கப்படுகிறது என்று ஐயுற வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணையின் ஒரு கரையில் தகடு தகடாகப் பிளக்கும் பாறை. மறு கரையில் நீர்பட்டால் இளகும் பாறை. 1928 மார்ச் 12 காலை, கசிவு கலங்கலாக வருவதாகக் காவலர் அறிவித்தார். தலைமைப் பொறியாளர் மல்ஹாலந்து நேரில் வந்து பார்த்து, அபாயமில்லை என்று சொல்லித் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அணை உடைந்தது. நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.