அழாதவள் எல்லாம் குற்றவாளியா?

"உண்மை ஒரு நாள் வெளியே வரும்" என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். அந்த ஒரு நாள் வரும் வரை பழி சுமந்தவள் என்ன பாடுபடுவாள் என்று யோசிக்கிறோமா?

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தேன். 1980 ஆகஸ்ட் 17. லிண்டி சேம்பர்லின் என்ற பெண், கணவர், குழந்தைகளோடு உலுரு என்ற பெரிய பாறை மலைக்குச் சுற்றுலா போயிருந்தார். ராத்திரி, கூடாரத்தில் தூங்கிய ஒன்பது வாரக் கைக்குழந்தையைக் காணோம். டிங்கோ தூக்கிக் கொண்டு போய்விட்டதாக அலறினார். டிங்கோ என்பது அந்த நாட்டுக் காட்டு நாய்.

முதல் விசாரணையில் அவர் சொன்னதை ஏற்றார்கள். ஊர்வாய் ஏற்கவில்லை. டி.வி.யில் பேசும்போது அவர் கதறி அழவில்லையாம்! "பெத்தவ இப்படியா இருப்பா?" என்று பேச்சு. அப்புறம் வழக்கை மறுபடி தோண்டி, காரில் குழந்தையின் ரத்தம் இருந்தது என்றார்கள். 1982-ல் கொலைகாரி என்று ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. அடுத்த மாதமே, காவலில் இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது.

காணாமல் போன குழந்தை மேலே ஒரு சின்னக் கோட்டு போட்டிருந்தது என்று லிண்டி சொல்லியிருந்தார். நம்பவில்லை. 1986-ல் அந்தக் கோட்டு, டிங்கோக்கள் வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. விடுதலை ஆனார். காரில் ரத்தம் என்று பெரிதாகச் சொன்னது, சத்தம் குறைவதற்காகக் காருக்கு அடிக்கும் பூச்சு என்று தெரிய வந்தது. 1988-ல் தீர்ப்பு ரத்து. ஆனாலும் குழந்தை இறந்தது டிங்கோவால்தான் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது 2012-ல்! முப்பத்திரண்டு வருஷம் தோழிகளே.

என்னடா, எங்கேயோ நடந்ததைச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா மேல் நானும் பழி போட்டவள். என் மோதிரத்தைக் காணோம். காம்பவுண்டில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். "நான் எடுக்கலைம்மா. சப்பாத்திக்கு மாவு எடுக்கறப்ப கழட்டினீங்களே, அங்க பாருங்க" என்றார். அழவில்லை, காலில் விழவில்லை. "கொஞ்சமாவது பயம் இருக்கா பாரு" என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுப்பு மேடையை மட்டும் பேருக்குப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை. பக்கத்தில் இரண்டு வீட்டில் அவரை நிறுத்தியும் விட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், கோதுமை மாவு டப்பாவின் அடியில் மோதிரம்!

"சரி விடு, ஒரு புடவை எடுத்துக் கொடுத்து சமாதானம் பண்ணிடு" என்றார் என் கணவர். நானும் சரி என்றுதான் இருந்தேன். லிண்டி விஷயம் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. குற்றம் சொன்னது நாலு பேர் நடுவில், மன்னிப்பு மட்டும் ரகசியமாகவா?

முதலில் அந்த இரண்டு வீட்டுக்கும் போய், "தப்பு என் மேலதான்" என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு காம்பவுண்டில் எல்லோரிடமும் சொன்னேன். கடைசியாக அக்கா வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கொண்டேன். "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார். அவ்வளவுதான். இப்போது அவர் வேறு தெருவில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பழி துடைப்பது என்றால் உண்மை தெரிந்தால் மட்டும் போதாது. பழி சொன்ன வாயே, சொன்ன இடத்திலேயே, "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். மருமகளோ, வேலைக்கு வருகிறவரோ, ஒருத்தி அழாமல் நின்றால் அவள் கல்நெஞ்சக்காரி என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் மாவு டப்பாவைப் பாருங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.