சோழவரம் மோட்டார் பந்தயங்கள்

சோழவரம் மோட்டார் பந்தயங்கள் என்பவை, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உள்ள இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950கள் முதல் 1980களின் இறுதி வரை நடைபெற்ற கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் ஆகும். 1953 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இவற்றை நடத்தியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், இலங்கை முதலிய அயல்நாடுகளிலிருந்தும் ஓட்டுநர்கள் இங்கு வந்து பங்கேற்றனர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. எனவே சோழவரத்தின் முதல் இருபது ஆண்டுகளை நேரில் சென்றவர்கள் மட்டுமே கண்டனர். அக்கால ஓட்டுநர்களைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி, தடத்தின் ஓரத்தில் நின்ற ரசிகர்களின் நினைவிலேயே தங்கியுள்ளது. அந்நினைவுகள் எவற்றால் உருவாயின, அவற்றுள் எவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடம்

சோழவரம் திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் ஒன்றான சோழவரம் ஏரியாலும் இவ்வூர் அறியப்படுகிறது. நகரிலிருந்து வடக்கே செல்வோர் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம் வழியாகச் செல்லும் பெரிய வடக்கு நெடுஞ்சாலையில் இவ்வூரை அடையலாம். வழக்கில் இது ஜி. என். டி. சாலை எனப்படும். ஆகவே பந்தயத்திற்குச் செல்லும் வழி வடசென்னையின் ஊடாகவே அமைந்திருந்தது.

ஓடுதளம் பந்தயத் தடமாதல்

இரண்டாம் உலகப் போரில் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபின், 1942 ஆம் ஆண்டு சென்னை நகரம் தாக்கப்படும் என்ற அச்சம் பரவியது. அப்போர்க் காலத்தில் சென்னையைச் சுற்றிலும் அமைக்கப்பட்ட விமான ஓடுதளங்களுள் சோழவரமும் ஒன்று. போர் முடிந்தபின் இத்தகைய ஓடுதளங்கள் பலவற்றிற்கு வேலை இல்லாமற்போனது.

இந்நிலை சோழவரத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், குட்வுட் ஆகிய தடங்களும் போர்க்கால விமானத் தளங்களே. அவை 1948 ஆம் ஆண்டு பந்தயத் தடங்களாயின. 1950 ஆம் ஆண்டு மே 13 அன்று ஃபார்முலா 1 உலகப் போட்டியின் முதல் பந்தயம் சில்வர்ஸ்டோனிலேயே நடந்தது. இலங்கையின் கட்டுகுருந்த, கல்கத்தாவை அடுத்த பாரக்பூர் ஆகிய இடங்களிலும் விமானத் தளங்களில் பந்தயங்கள் நடத்தப்பட்டன. நீளமான, அகலமான, மேடு பள்ளமற்ற கெட்டித் தரை வேறெங்கும் எளிதில் கிடைக்காததே இதற்குக் காரணம்.

ஓடுதளத்தில் அமையும் தடத்திற்குச் சில இயல்புகள் உண்டு. நேர்ப்பகுதிகள் நீளமானவை, எனவே வேகம் மிகும். வளைவுகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. பீப்பாய்கள், வைக்கோற் கட்டுகள், பழைய டயர்கள் போன்றவற்றை வைத்து அடையாளமிடப்படுபவை. தரை சமமாக இருப்பதால் இருக்கை மேடைகள் இல்லாத இடத்தில் முன்வரிசையில் நிற்பவருக்கே தடம் தெளிவாகத் தெரியும். வேகமும் நெருக்கமும் ஒன்றுசேர்ந்த இந்த அமைப்பு ரசிகரைக் கவர்ந்தது. அதே அமைப்பு ஓட்டுநருக்கும் பார்வையாளருக்கும் இடர் விளைவிக்கக்கூடியதும் ஆகும்.

வடசென்னையும் வாகனத் தொழிலும்

சோழவரத்திற்குச் செல்லும் வழியை ஒட்டிய வடசென்னைப் பகுதி, இந்திய வாகனத் தொழிலின் தொடக்க இடங்களுள் ஒன்று.

எண்ணூர்: 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் இங்கு ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955 இல் அது அசோக் லேலண்ட் ஆகி, பேருந்து, சரக்குந்து உற்பத்தியில் ஈடுபட்டது.

திருவொற்றியூர், என்ஃபீல்டு: 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் இங்கு புல்லட் மோட்டார் சைக்கிள்களை உருவாக்கியது.

திருவொற்றியூர், எம். ஆர். எஃப்.: கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946 ஆம் ஆண்டு இங்கு சிறுவர் விளையாடும் பலூன்களைச் செய்யும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என வளர்ந்த அந்நிறுவனம் 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது. இந்திய மோட்டார் பந்தயங்களின் முதன்மைப் புரவலர்களுள் ஒன்றாகவும் பிற்காலத்தில் விளங்கியது.

பணி நாட்களில் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் கையாளப்பட்ட அதே வகை எஞ்சின்களும் டயர்களும் பந்தய நாளில் சோழவரத்தில் ஓடின. இவ்வகையில் இப்பகுதியினருக்குப் பந்தயம் தொலைதூரத்துச் செல்வர் விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை.

பந்தய வாகனங்கள்

அக்காலத்தில் இந்தியாவில் வெளிநாட்டு வாகனங்களை இறக்குமதி செய்வது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மக்கள் வாங்கக்கூடிய கார்கள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என ஒரு சிலவே. எனவே பந்தய வாகனம் என்பது பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுவது அன்று. உள்ளூர்ப் பட்டறையில் மாற்றி அமைக்கப்படுவது. வழக்கமான மாற்றங்கள் பின்வருமாறு:

முதலாவது, எடைக் குறைப்பு. இருக்கைகள், கதவின் உட்பலகைகள், இடிதாங்கி போன்றவை கழற்றப்படும்.

இரண்டாவது, அமுக்க விகிதத்தை உயர்த்தல். சிலிண்டர் தலைப்பகுதியின் அடித்தளம் சிறிதளவு இழைத்துக் குறைக்கப்படும். எரிபொருட் கலவை கூடுதலாக அமுக்கப்படுவதால் ஆற்றல் மிகும். ஆனால் எஞ்சின் சூடேறிப் பழுதடையும் வாய்ப்பும் மிகும்.

மூன்றாவது, வளிப்பாதையை விரிவாக்கல். காற்று உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் அரைத்துப் பெரிதாக்கப்படும். பெரிய கார்புரேட்டர் பொருத்தப்படும்.

மோட்டார் சைக்கிள்களில் புல்லட், ஜாவா ஆகியவை முற்காலத்தில் பெயர் பெற்றவை. 1980களில் ராஜ்தூத் 350, யமஹா ஆர். எக்ஸ். 100, இந்த்-சுசுகி போன்ற ஈரடிச் சுழற்சி எஞ்சின் வண்டிகள் வந்தபின் பந்தயத்தின் வேகமும் ஒலியும் மாறின. டி. வி. எஸ். நிறுவனத்தின் பந்தய அணி 1982 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

நினைவில் நிற்கும் ஓட்டுநர்கள்

சோழவரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குறிப்பிடும் பெயர்களுள் சில கீழே தரப்பட்டுள்ளன.

சு. கரிவரதன்: கோயம்புத்தூரின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓட்டுநராகவும் வாகன வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக அது வழி செய்தது. 1995 ஆம் ஆண்டு வானூர்தி விபத்தில் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது.

சந்தோக் குடும்பத்தினர்: இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்புகளை உருவாக்கியவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த இந்து சந்தோக். அவர் மகன் விக்கி சந்தோக் சோழவரத்தில் ஓட்டியவர். விக்கியின் மகன் கருண் சந்தோக் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓட்டினார்.

விஜய் மல்லையா: 1980களின் தொடக்கத்தில் என்சைன் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் ஃபார்முலா 1 காரைச் சோழவரத்தில் ஓட்டினார். மாற்றி அமைக்கப்பட்ட உள்ளூர்க் கார்களைக் கண்டு பழகியவர்களுக்கு அது புதிய காட்சி. பிற்காலத்தில் அவர் இணை உரிமையாளராக இருந்த போர்ஸ் இந்தியா அணி 2008 முதல் 2018 வரை ஃபார்முலா 1 போட்டிகளில் பங்கேற்றது.

இவர்களைத் தவிர, குசராத்தின் கொண்டல் அரச குடும்பத்தைச் சேர்ந்த மன்னரும் இங்கு ஓட்டியுள்ளார். சொந்தப் பட்டறையில் வண்டியைத் தயாரித்து, தாமே ஓட்டிய பலரின் பெயர்களோ அவர்களை அறிந்தவர்களின் வட்டத்தைத் தாண்டிச் செல்லவில்லை.

ரசிகர் நினைவுகளின் இயல்பு

ஒரு வாகனம் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 50 மீட்டர் கடக்கும். தடத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவருக்கு 200 மீட்டர் நீளப் பகுதி தெளிவாகத் தெரியுமாயின், ஒரு சுற்றில் அவ்வாகனத்தை அவர் காண்பது 4 நொடிகள். பத்துச் சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் மொத்தம் 40 நொடிகள். ஒரு நிமிடத்திற்கும் குறைவாக அருகில் கண்ட ஓர் ஓட்டுநரை நாற்பது ஐம்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பது வியப்புக்குரியது. இதற்குப் பார்வை மட்டுமன்றி ஒலியும் மணமும் துணை செய்கின்றன.

ஒலி: ஒற்றைச் சிலிண்டர் ஈரடிச் சுழற்சி எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும். நிமிடத்திற்கு 9,000 சுற்றுகளில் அது நொடிக்கு 150 முறை வெடித்துக் கிறீச்சிடும். நாலடிச் சுழற்சி எஞ்சின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறையே எரிவதால், 5,400 சுற்றுகளில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 45 முறை மட்டுமே வெடிக்கும். அதன் ஒலி கனத்தது. ஆகவே வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே வருவது எவ்வகை வண்டி என்பதைக் காதாலேயே அறியலாம். மேலும் டாப்ளர் விளைவினால், மேற்சொன்ன வேகத்தில் வாகனம் நெருங்கும்போது ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயர்ந்தும், விலகும்போது எட்டில் ஒரு பங்கு தாழ்ந்தும் கேட்கும். கடந்து செல்லும் நொடியில் ஏற்படும் அந்த இறக்கமே பந்தயத்தின் அடையாள ஒலியாகப் பலர் மனத்தில் பதிகிறது.

மணம்: பந்தய எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட உயவெண்ணெய்கள் பயன்படுத்தப்பட்டன. அவை எரியும்போது எழும் மணம் தனித்தன்மை வாய்ந்தது. காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததாகும்.

எவற்றை நம்பலாம்?

ரசிகர் நினைவுகள் எல்லாவற்றிற்கும் ஒரே அளவு சான்றாகா. வண்டியின் நிறம், எண், ஒலி, ஓட்டுநர் வளைவில் சாய்ந்த விதம், விபத்து நடந்த இடம் ஆகியவை நேரடியாகப் புலன்களால் அறியப்பட்டவை. பலர் தனித்தனியாக ஒன்றையே கூறினால் அவை ஏற்கத்தக்கவை.

வேகம், சுற்று நேரம், இரு வண்டிகளுக்கு இடையே இருந்த இடைவெளி ஆகியன அத்தகையன அல்ல. கையால் இயக்கும் நிறுத்துக் கடிகாரத்தில் பத்தில் ஒரு பங்கு நொடி பிழை நேர்வது இயல்பு. மேற்கண்ட வேகத்தில் அது 5 மீட்டருக்குச் சமம். அதாவது இரண்டு மோட்டார் சைக்கிள்களின் நீளத்திற்கும் மேல். எனவே இவர்தான் அவரை முந்தியவர், இவர் நேரமே சாதனை என்ற வாதங்களுள் சில இனி எக்காலத்தும் முடிவுக்கு வாரா.

பிற்காலச் செய்திகள் முற்கால நினைவுக்கு நிறமேற்றுவதும் உண்டு. மல்லையாவின் தொழில் வாழ்க்கையில் நேர்ந்த ஏற்றமும் இறக்கமும், அவர் ஓட்டியதைக் கண்டவர்கள் அதை விவரிக்கும் முறையை மாற்றக்கூடும். கரிவரதனின் அகால மறைவு அவரது பந்தயங்களுக்குக் காவியத்தன்மை அளித்திருக்கலாம். இது நினைவின் குறை அன்று, இயல்பு. ஆனால் வரலாறு எழுதுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சோழவரத்திற்குப் பின்

நிலையான பந்தயத் தடம் ஒன்றை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 1990 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அத்துடன் பந்தயங்கள் நகரின் வடக்கிலிருந்து மேற்கே இடம்பெயர்ந்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் இப்புதிய தடத்தில் ஓட்டத் தொடங்கி, 2005 ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2011 முதல் 2013 வரை தில்லியை அடுத்த புத் தடத்தில் இந்திய கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. 2024 ஆம் ஆண்டு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடைபெற்றது.

பதிவு செய்ய வேண்டியவை

பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னா 1994 ஆம் ஆண்டு மே 1 அன்று இமோலா தடத்தில் நேர்ந்த விபத்தால் இறந்தார். அவரது பந்தயங்கள் ஒளிப்படமாக உள்ளன. அவரை நேரில் காணாதவரும் இன்று அவற்றைக் காணலாம். சோழவர ஓட்டுநர்களுக்கு அவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. நாளிதழ்கள் முடிவுகளை வெளியிட்டன. ஆனால் முடிவுப் பட்டியலில் வென்றவர் பெயர் இருக்கும், வண்டியைத் தயாரித்த பட்டறைக்காரர் பெயர் இராது.

1965 ஆம் ஆண்டு பதினைந்து வயதில் பந்தயம் கண்ட ஒருவர் இன்று எழுபத்தைந்து வயதை எட்டியிருப்பார். அவருடைய வீட்டில் நுழைவுச்சீட்டு, நிகழ்ச்சி நிரல், கறுப்பு வெள்ளைப் படம் ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கக்கூடும். அவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் எளியவை: எந்த ஆண்டு, தடத்தின் எப்பகுதியில் நின்றீர்கள், எந்த வண்டி, என்ன நிறம், என்ன எண், யார் தயாரித்தது. வென்றவர் யார் என்பதை நாளிதழ்க் கோப்பிலிருந்து பின்னரும் அறிந்து கொள்ளலாம். மற்றவற்றை அவரிடமிருந்து மட்டுமே அறிய முடியும்.