சாக்கடை ஜலத் தொட்டிகளில் காற்றூட்டத்தைக் கவனித்தல்

பட்டணங்களின் சாக்கடை ஜலத்தைச் சுத்தி செய்து வயல்களுக்குப் பாய்ச்சும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த ஜலம் பயிருக்கு நன்மை செய்வதும் தீமை செய்வதும் பெரும்பாலும் காற்றூட்டும் தொட்டியின் பராமரிப்பைப் பொறுத்திருப்பதால், அதன் விவரத்தைக் குடியானவர்களும் அறிந்திருத்தல் நலம்.

1914-ம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள மாஞ்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் இம்முறையை வெளியிட்டனர். சாக்கடை ஜலத்தில் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் கசட்டை எறிந்துவிடாமல் புது ஜலத்தோடு மீண்டும் சேர்த்தால், சுத்தி சீக்கிரம் நடைபெறுமென்று அவர்கள் கண்டனர். கசட்டிலுள்ள சூக்ஷ்ம ஜீவன்களே அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. மனிதரைப் போலவே அவைகளுக்கும் பிராணவாயு வேண்டும்.

தொட்டியில் குமிழிகள் எழும்புவதைக் கண்டு திருப்தியடைதல் கூடாது. பெரிய குமிழிகள் விரைவில் மேலேறி வெடித்துவிடும். அவற்றின் பிராணவாயு ஜலத்தில் கரைவது சொற்பம். மேலும், உஷ்ணம் ஏற ஏற ஜலத்தில் கரையும் பிராணவாயு குறையும். சுத்த ஜலம் 20 டிகிரி சென்டிகிரேடில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராமும், 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமுமே கொள்ளும். கோடைக் காலத்தில் அதிகக் கவனம் அவசியமென்பது இதனால் விளங்கும்.

கரைந்த பிராணவாயுவை மானியினால் அளத்தலே உத்தமம். லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் இருந்தால் பொதுவாகப் போதுமானது. ஜலத்தைப் புட்டியில் மொண்டு சென்று அளந்தால் கணக்குத் தவறும். வழியிலேயே ஜீவன்கள் பிராணவாயுவை உட்கொண்டுவிடும். எனவே தொட்டியிலேயே அளக்க வேண்டும். அழுக்கு மிகுந்து வரும் வேளைகளிலும், ஜலம் நுழையுமிடம், நடுவிடம், வெளியேறுமிடம் ஆகிய மூன்றிலும் அளந்து குறித்து வைக்கவேண்டும். மானியின் முனையில் பாசி படிந்தால் பொய்க் கணக்குக் காட்டுமாதலால், அதனை அடிக்கடி துடைத்துச் சரிபார்த்தல் வேண்டும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படும் அடையாளங்களும் உண்டு. நல்ல கசடு பழுப்பு நிறமாய் மண்வாசனை வீசும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் காற்றுப் போதவில்லையென்று அறியலாம். ஓரிடத்தில் மட்டும் ஜலம் கொதிப்பதுபோல் பொங்கினால் அடியிலுள்ள காற்றுத் துளைக்கருவி உடைந்திருக்கலாம். ஊதும் யந்திரத்தில் காற்றழுத்தம் நாளடைவில் ஏறினால் துளைகள் அடைபட்டு வருகின்றனவென்று சந்தேகிக்க வேண்டும்.

மிஞ்சிய காற்றும் நஷ்டமே. பல நிலையங்களில் மின்சாரச் செலவில் பாதியளவு காற்றூட்டத்துக்கே ஆகிறது. ஆனால் சிக்கனங் கருதி யந்திரத்தைப் பல மணி நேரம் நிறுத்தினால் ஜீவன்கள் நலிந்து, அரைகுறையாய்ச் சுத்தியான ஜலம் வாய்க்காலுக்கு வந்து சேரும். அளந்து பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைப்பதே முறை.

காற்றூட்டிய ஜலத்திலும் நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கக்கூடும். ஆதலால், கிருமிநாசம் செய்யப்படாத ஜலத்தைப் பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்குப் பாய்ச்சலாகாது. பாய்ச்சும் ஜலம் கறுத்தோ நாறியோ வந்தால், குடியானவர்கள் மடையை அடைத்துவிட்டு, உடனே நிலையத்தாருக்குத் தெரிவித்தல் வேண்டும்.