நடுப்புள்ளியில் பிறக்கும் வளைகோடு

ஒன்பதாம் வகுப்பில் நடுப்புள்ளிச் சூத்திரம் நடத்தும்போது, "இது எதுக்கு சார்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். கணினித் திரையில் தெரியும் 'ழ'வின் சுழியை அவருக்குக் காட்டலாம். அந்த வளைவு உருவாவது நடுப்புள்ளிகளால்தான்.

வரைபடத்தாளில் A(0,0), B(4,8), C(8,0) ஆகிய புள்ளிகளைக் குறியுங்கள். AB-யின் நடுப்புள்ளி (2,4). BC-யின் நடுப்புள்ளி (6,4). இவ்விரண்டின் நடுப்புள்ளி (4,4). இது நம் வளைகோட்டின் மேல் உள்ள ஒரு புள்ளி. இனி (0,0), (2,4), (4,4) ஆகிய மூன்றையும் வைத்து இதையே செய்தால் (2,3) கிடைக்கும். வலப்பக்கம் (6,3). தொடர்ந்து செய்யச் செய்யப் புள்ளிகள் நெருங்கி ஒரு பரவளையம் உருவாகும். B அதன் மேல் இராது. கோட்டைத் தன் பக்கம் இழுப்பது மட்டுமே அதன் வேலை. ட்ரூடைப் எழுத்துருக்களில் வளைவுகள் இப்படித்தான் மும்மூன்று புள்ளிகளாகச் சேமிக்கப்படுகின்றன.

பிரிவுச் சூத்திரம் அறிந்தவர்கள் மூன்று முறையும் 1:3 விகிதத்தில் பிரித்துப் பார்க்கட்டும். (1,2), (5,6), பிறகு அதே (2,3)! ஏன் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விட்டுவிடுவது நல்லது. தொடக்க வகுப்பினருக்கு ஆயத்தொலைகள் வேண்டாம். ஸ்கேலால் அளந்தே வரையலாம்.

இந்த வழிமுறை பிரான்ஸ் நாட்டின் கார் நிறுவனங்களில் பிறந்தது. காரின் வளைவுகளை அதுவரை மெல்லிய சட்டங்களை வளைத்தும் அச்சுத் தகடுகளை வைத்தும் வரைந்துவந்தனர். எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபோது சிக்கல் எழுந்தது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் வளைவை இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? சித்ரோயன் நிறுவனத்தில் 1958-இல் சேர்ந்த இளம் கணிதவியலாளர் பால் டி காஸ்டெல்ஜோ, மறுஆண்டே மேற்கண்ட வழியைக் கண்டறிந்தார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே, வேறு பாதையில் அதே வளைகோட்டை அடைந்து, 1960-களில் கட்டுரைகளாக வெளியிட்டார். அதனால் வளைகோட்டுக்குப் 'பெசியே' என்ற பெயரே நிலைத்தது. முந்தியவருக்கு வரைமுறையின் பெயரில் மட்டும் இடம் கிடைத்தது. எனக்கு இது சற்று அநியாயமாகவே படுகிறது.

கோட்டிலிருந்து பரப்புக்குப் போவது கடினமன்று. வரிசைக்கு நான்காக 16 புள்ளிகள் வைத்து, வரிசை வரிசையாகவும் பிறகு குறுக்காகவும் இதே வேலையைச் செய்தால் வளைந்த பரப்புத்துண்டு ஒன்று கிடைக்கும். 1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் நியூவெல், தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து, அதன் புள்ளிகளை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுத்தார். வரைகலை ஆய்வாளர்கள் தங்கள் புதிய முறைகளைச் சோதிக்க இன்றும் எடுப்பது அந்தக் கெண்டியைத்தான். அதன் முதல் வடிவத்துக்கு அடிப்பாகமே கிடையாது; பின்னால்தான் சேர்த்தார்கள்.