மாந்தையின் பழமையைப் பதிந்த நீதியரசர்

மன்னார்த் தீவையும் அதற்கு எதிரேயுள்ள மாந்தைக் கரையையும் பற்றிப் பேசப் புகுவோர் முத்துக்குளிப்பையும் திருக்கேதீச்சரத்தையும் முதலிற் கூறுவர். இலங்கையின் பிரதம நீதியரசர் ஒருவரும் இக்கரையின் வரலாற்றோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாத செய்தி. அவர்தாம் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன்.

ஜோன்ஸ்ரன் 1775 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். தந்தையார் மதுரையிற் பணியாற்றியமையால் இளமையை அந்நகரிலே கழித்தார். தமிழையும் அங்கேயே கற்றார். சுவார்ட்சு பாதிரியாரும், பிற்காலத்திற் சென்னை ஆளுநராக விளங்கிய தோமஸ் மன்றோவும் அவருக்குக் கல்வி புகட்டியவர்கள். பின்னர் இங்கிலாந்திற் சட்டம் பயின்று, ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய காலத்தில் இலங்கைக்கு வந்து, 1811 முதல் 1819 வரை பிரதம நீதியரசராக வீற்றிருந்தார்.

அந்நிய நாட்டிலிருந்து வந்த நீதிபதி எந்தச் சட்டத்தைக் கொண்டு நீதி வழங்குவது? ஆங்கிலச் சட்டம் மக்களுக்குப் புதிது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சட்டமோ எல்லா வழக்குக்கும் பொருந்துவதன்று. ஒவ்வொரு சமூகத்தாரின் வழக்கத்தையும் அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்பது ஜோன்ஸ்ரன் கண்ட முடிபு. சோனகரின் மணம், உரிமை ஆகியவை பற்றி அவர் அளித்த தொகுப்பு 1806 இற் சட்டமாயிற்று. முதலிற் கொழும்புப் பகுதிக்கு இயற்றப்பட்ட அது, 1852 இல் நாடு முழுவதற்கும் உரியதாக்கப்பட்டது.

சுதேசிகள் யூரராக அமர்ந்து தம்மவரின் வழக்கைத் தீர்க்கும் உரிமையும் 1811 இல் அவர் முயற்சியால் வந்தது. பதின்மூன்று யூரர் இருந்து பெரும்பான்மை முடிபைக் கூறினர். ஆயினும் அவ்வமைப்புச் சாதிப் பிரிவை ஒட்டியே நின்றது. சாதி வேற்றுமையை அது அகற்றவில்லை.

அடிமை முறையிலும் இத்தகைய அரைகுறை வெற்றியையே காண்கிறோம். 1816 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆந் தேதிக்குப் பின் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் சுதந்திரர் ஆவர் என்பதற்கு அடிமை உடையோர் பலரை அவர் இணங்கச் செய்தார். குழந்தை விடுதலை பெற்றது. ஈன்ற தாயோ அடிமையாகவே இருந்தாள். அடிமை முறை முற்றாக ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மக்களிடம் கேட்டறியும் இப்பழக்கமே மன்னாருக்கும் பயன் தந்தது. தாயகந் திரும்பிய ஜோன்ஸ்ரன், 1823 இல் இலண்டனில் அமைந்த றோயல் ஆசியக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரானார். இலங்கையிற் கிடைத்த கூபி எழுத்துக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கடிதம் 1827 இல் அக்கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அராபிய வணிகர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் எட்டு இடங்களிற் குடியேறினர் என்று சோனகர் வழங்கிய மரபுச் செய்தியை அதிற் குறித்துள்ளார். அவற்றுள் மாந்தையும் மன்னாரும் தலையாயவை; கீழைத்தேயப் பண்டமும் மேலைத்தேயப் பண்டமும் கைமாறிய பெருஞ் சந்தை அங்கேயே இருந்தது என்பது அவர் கூற்று.

செவிவழிச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது. குடியேறிய காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் ஐயுறுவர். ஆனால் மாந்தை பெருந் துறைமுகமாக விளங்கியது என்பதில் ஐயமில்லை. 1980 களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அகழ்வாய்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்கலமும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. முன்னோர் வாய்மொழியாகக் காத்த செய்திக்கு மண் சான்று பகர்ந்தது.

பிற்காலத்திற் கோமறைக் கழகத்தின் நீதிக்குழுவிலும் பணியாற்றிய ஜோன்ஸ்ரன் 1849 இல் மறைந்தார். தீர்ப்புக் கூறுமுன் கேட்பது நீதிபதியின் கடமை. அக்கடமையை நீதிமன்றத்தின் வாயிலுக்கு வெளியேயும் அவர் கைக்கொண்டமையாலேயே, மன்னார்க் கரையின் பழஞ்செய்தி ஒன்று அழியாது ஏட்டில் நின்றது.