டிரம்ப்புக்கு ஓட்டு, ஆளுநருக்கு வேட்டு: கென்டக்கியில் நடந்தது என்ன?

2019 நவம்பர் 4-ம் தேதி இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன் நகரில் அதிபர் டிரம்ப் மேடையேறினார். விடிந்தால் தேர்தல். அவர் ஆதரவு கேட்டு வந்தது ஆளுநர் மேட் பெவினுக்காக. 2016 அதிபர் தேர்தலில் டிரம்ப்புக்குச் சுமார் 30 சதவீதப் புள்ளி முன்னிலை கொடுத்த மாநிலம் அது. குடியரசுக் கட்சிக்காரர் அங்கே ஜெயிப்பதில் என்ன சிரமம்?

ஆனால் பெவின் தோற்றார். 14 லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்குகளில் வித்தியாசம் வெறும் 5,136.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவன்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம்ம ஊர் முதல்வர் மாதிரி.

கட்சி மாறியது யார்?

கென்டக்கியில் வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று குறிப்பிடலாம். பல தலைமுறைகளாக அங்கே ஜனநாயகக் கட்சிப் பதிவுதான் அதிகமாக இருந்தது. காரணம் எளிது. ஷெரிப் முதல் கவுண்டி நிர்வாகி வரை பல இடங்களில் அந்தக் கட்சிக்காரர்களே இருந்தார்கள். வேட்பாளரைத் தேர்வு செய்யும் உட்கட்சித் தேர்தலில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். உள்ளூரில் செல்வாக்கு வேண்டுமென்றால் பதிவு அங்கேதான் இருக்க வேண்டியிருந்தது. மனசு எப்போதோ மாறிவிட்டது, அட்டை மட்டும் பழசு.

எலியட் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1869-ல் உருவானதிலிருந்து ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த ஊர் அது. 2016-ல்தான் முதல்முறையாக மாறியது. மாநிலப் பிரதிநிதிகள் சபையும் அதே ஆண்டு, ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் முதல்முறையாக, குடியரசுக் கட்சி வசம் போனது. பதிவேட்டில் அந்தக் கட்சி முந்தியதோ 2022-ல்தான்!

காற்று இப்படி வீசும்போது பெவின் ஏன் தடுமாறினார்?

கழிவுநீர் மசோதா

பெவின் தொழிலதிபர். அதற்கு முன் எந்தப் பதவியும் வகித்ததில்லை. 2015 உட்கட்சித் தேர்தலில் 83 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்து, பொதுத் தேர்தலில் சுமார் 9 புள்ளியில் ஜெயித்தவர்.

ஓய்வூதிய நிதியில் பெரிய ஓட்டை இருந்தது உண்மைதான். அதை அடைக்க அவர் எடுத்த வழிதான் சிக்கல். கென்டக்கி ஆசிரியர்களுக்குப் பொதுவாக மத்திய அரசின் சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. பணிக்காலம் முடிந்தால் மாநில ஓய்வூதியமே கதி. அதில் கைவைத்தால் சும்மா இருப்பார்களா?

2018 மார்ச் 29 அன்று, கழிவுநீர் தொடர்பான ஒரு சின்ன மசோதாவின் உள்ளடக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு, 291 பக்க ஓய்வூதியத் திருத்தத்தை உள்ளே வைத்தார்கள். சில மணி நேரத்தில் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. மறுநாள் பல இடங்களில் ஆசிரியர்கள் விடுப்பு எடுக்க, பள்ளிகள் மூடப்பட்டன. மசோதாவை எதிர்த்து வழக்குப் போட்டவர் மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்டி பெஷியர். ஒவ்வொரு அவையிலும் மூன்று தனித்தனி நாட்களில் வாசிக்க வேண்டும் என்ற அரசமைப்பு விதி மீறப்பட்டதாகச் சொல்லி, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இதற்கு நடுவே பெவினின் வாய் வேறு. ஏப்ரலில் ஆசிரியர்கள் தலைநகர் பிராங்க்பர்ட்டில் திரண்ட அன்று, பள்ளி மூடியதால் வீட்டில் விடப்பட்ட ஏதோ ஒரு குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருக்கும் என்று உறுதியாகச் சொன்னார். சொந்தக் கட்சிக்காரர்களே கண்டித்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஆசிரியர் என்பவர் அந்தக் கிராமங்களில் யாரோ அல்ல. யாருக்கோ அக்கா, யாருக்கோ மனைவி. என் பார்வையில் தேர்தல் அன்றே பாதி முடிந்துவிட்டது.

அறிகுறியும் தெரிந்தது. அடுத்த மாதமே அவையின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைத் தலைவரை, அதே கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஒரு கணக்கு வாத்தியார் தோற்கடித்தார். 2019 மே மாதம் பெவினுக்கு எதிராகச் சொந்தக் கட்சி வாக்காளர்களிலேயே கிட்டத்தட்ட பாதிப் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

ஆள் மீது கோபம், கட்சி மீது இல்லை

நவம்பரில் எதிரே நின்றவர் அதே பெஷியர். அப்பா ஸ்டீவ் பெஷியர் முன்னாள் ஆளுநர். துணை ஆளுநர் வேட்பாளர் ஜாக்குலின் கோல்மன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். லூயிவில், லெக்சிங்டன் நகரங்களோடு, ஓஹியோ எல்லையோரப் புறநகர்களான கென்டன், கேம்பெல் கவுண்டிகளும் பெஷியர் பக்கம் வந்தன.

ஆனால் அதே தேர்தலில் மாநில அளவிலான மற்ற ஐந்து பதவிகளையும் குடியரசுக் கட்சியே அள்ளியது. மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி என்று ஆயிரக்கணக்கானோர் பிரித்துக் குத்தியிருக்கிறார்கள்.

முறைகேடு என்று பெவின் ஆதாரம் காட்டாமல் சொல்லிப் பார்த்தார். ஆதாரம் இருந்தால் கொடுங்கள், இல்லையேல் விலகுங்கள் என்று கட்சி எம்.எல்.ஏ.க்களே கை விரித்தார்கள். நவம்பர் 14 சரிபார்ப்பில் முடிவு மாறவில்லை. அன்றே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 10-ல் பதவியேற்ற பெஷியர், முதல் நாளே பெவின் நியமித்த மாநிலக் கல்வி வாரியத்தைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்.