ராணியை ஏன் சும்மா பறிகொடுக்கிறோம்?

செஸ் பழகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தோற்பது எதிராளியின் சூழ்ச்சியால் அல்ல. ராணியையோ யானையையோ காவலில்லாத கட்டத்தில் வைப்பதால்தான். பலகையில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் இப்படி?

முதல் காரணம் நினைவாற்றல். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஓர் ஆட்ட நிலையை 5 விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்தவர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக அடுக்கினார், புதியவர் நான்கைந்து. காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. தேர்ந்தவர் காய்களைப் பழகிய கூட்டங்களாகப் பார்க்கிறார். புதியவர் ஒவ்வொன்றாக எண்ணுவதற்குள் ஒன்று நழுவிவிடுகிறது.

இரண்டாவது, முதல் யோசனையின் பிடி. நல்ல நகர்த்தல் ஒன்று தோன்றிவிட்டால் கண் அந்தக் கட்டங்களையே சுற்றும். 2006இல் பான் நகரில், உலகச் சாம்பியன் கிராம்னிக்கே டீப் ஃப்ரிட்ஸ் கணினியின் அடுத்த நகர்த்தலில் விழவிருந்த செக்மேட்டைக் கவனிக்கவில்லை.

எப்படித் தவிர்ப்பது? எதிராளி நகர்த்தியதும், ‘இது எதைத் தாக்குகிறது? எதன் காவலை விட்டது?’ என்று பாருங்கள். காயைத் தொடுமுன், நீங்கள் நகர்த்தியபின் எதிராளிக்குக் கிடைக்கும் செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள். தினமும் சில எளிய புதிர்கள் போடுங்கள். கூட்டங்கள் மனத்தில் சேரும். அதிவேக ஆட்டங்களைக் குறையுங்கள். சோதிக்க நேரமில்லாத இடத்தில் இந்தப் பழக்கம் வேர்விடாது.